ஆவடிக்குப் போகாத ஒப்பந்தம்

சென்ற மாதம் என் தங்கை மகன் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியாவை ஒட்டிய லாடியத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, அபுதாபியில் படைக்கல நிறுவனம் ஒன்றில் தனக்கு வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னான். மின்னணுப் பொறியியல் படித்தவன், கெட்டிக்காரன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "மாமா, இருபத்து மூன்று வருடம் நீங்களும் இந்தத் தொழிலில்தானே இருந்தீர்கள்? அங்கே என்ன வேலை பார்த்தீர்கள் என்று எங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லையே" என்று கேட்டான். அன்று அவனுக்கு நான் சொன்ன பதில் அரைகுறையானது. மீதியை நிதானமாக எழுதிவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

நான் 1995-இல் மிட்ராண்டில் இருந்த ஒரு தனியார் மின்னணு நிறுவனத்தில் விலை கணக்கிடும் எழுத்தராகச் சேர்ந்து, 2018-இல் அதே நிறுவனத்தின் ஒப்பந்த இயக்குநராக ஓய்வு பெற்றேன். பெரிய ஆயுதங்களை முழுமையாகச் செய்கிற நிறுவனமல்ல அது. அவற்றைச் செய்கிறவர்களுக்கு மின்கம்பித் தொகுப்புகளும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் செய்து கொடுக்கிற இரண்டாம் படி நிறுவனம். என்ன பொருள், எத்தனை, என்ன விலை, எந்தத் தேதிக்குள், தாமதமானால் என்ன தண்டம், பழுதானால் யார் பொறுப்பு, யாரிடம் போய்ச் சேரும் என்பவற்றையெல்லாம் எழுத்தில் வடித்து, அதில் கையெழுத்திடுவதே என் தொழிலாக இருந்தது.

சேர்ந்த கதையைச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. நான் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவன். டர்பனில் ஒரு துணி ஆலையின் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் தபால்வழிக் கல்வியில் வணிகவியல் பட்டம் வாங்கினேன். பிரிட்டோரியாப் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது, ராணுவத்துக்குச் சாமான் செய்கிற கம்பெனி என்று அம்மாவிடம் சொன்னபோது, அவர் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அந்த மஞ்சள் வண்டி செய்யறவங்ககிட்டயாடா போறே?" என்று கேட்டார். எண்பதுகளில் கறுப்பின மக்களின் குடியிருப்புகளுக்குள் போலீசார் ஓட்டிவந்த காஸ்பிர் கவச வண்டியைத்தான் சொன்னார். அதை வடிவமைத்த அறிவியல் ஆய்வு மன்றத்தின் பெயரிலும் தென்னாப்பிரிக்கப் போலீஸின் பெயரிலும் உள்ள ஆங்கில முதலெழுத்துகளை மாற்றிக் கோத்துத்தான் 'காஸ்பிர்' என்ற பெயரையே உண்டாக்கினார்கள் என்பது பின்னாளில் எனக்குத் தெரிந்தது. மண்டேலா ஆட்சிக்கு வந்துவிட்டார், இனி இது நம்முடைய ராணுவம் என்று அம்மாவுக்குப் பதில் சொன்னேன். அதை நான் மனதார நம்பினேன். இன்றும் அந்த நம்பிக்கைக்காக வருந்தவில்லை. ஆனால் நான் எந்த வேலை பார்க்கிறேன் என்று அம்மா அக்கம்பக்கத்தாரிடம் கடைசிவரை சொல்லவில்லை.

நான் நுழைந்தபோது அந்தத் தொழில் ஒரு திருப்புமுனையில் இருந்தது. 1968-இல் தொடங்கப்பட்ட ஆர்ம்ஸ்கோர் என்ற அரசு நிறுவனமே நாட்டின் ஆயுதக் கொள்முதலையும் உற்பத்தியையும் கவனித்துவந்தது. 1977 நவம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவை தன் 418-ஆம் தீர்மானத்தின் மூலம் தென்னாப்பிரிக்காவுக்கு ஆயுதம் விற்பதைக் கட்டாயத் தடைக்கு உட்படுத்தியது. அந்தத் தடையின் கீழ்தான் இத்துறை அசுர வளர்ச்சி கண்டது. ஜி5 என்ற 155 மில்லிமீட்டர் பீரங்கி, கனடாவைச் சேர்ந்த ஜெரால்ட் புல் என்ற பொறியாளரின் வடிவமைப்பிலிருந்து பிறந்தது; தென்னாப்பிரிக்காவுக்குச் சட்டவிரோதமாகக் குண்டுகள் அனுப்பிய குற்றத்துக்காக அவர் அமெரிக்காவில் சிறை சென்றார். 1992-இல் உற்பத்திப் பிரிவுகள் ஆர்ம்ஸ்கோரிலிருந்து பிரிக்கப்பட்டு டெனெல் என்ற நிறுவனமாயின. 1994 மே மாதத்தில் தடை நீங்கியது.

என்னுடைய மேலதிகாரிகள் அந்தத் தடைக்காலத்தில் வளர்ந்தவர்கள். எதையும் எழுதி வைக்கக் கூடாது, எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது, எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது என்று சொல்லக் கூடாது என்பதே அவர்கள் கற்ற பாடம். தனிப்பட்ட முறையில் அவர்களில் பலர் நேர்மையானவர்கள். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்களும் அவர்களே. ஆனால் பதினேழு ஆண்டுகள் ரகசியத்தையே கடமையாகக் கருதிய ஒரு தொழில், தடை நீங்கிய மறுநாளே வெளிச்சத்தில் நடக்கப் பழகிவிடாது. புதிய அரசு பதவியேற்ற அதே 1994-இல், லெபனானுக்கு என்று காகிதத்தில் எழுதப்பட்ட ஆர்ம்ஸ்கோரின் ரைஃபிள் சரக்கு உண்மையில் யேமனை நோக்கிச் சென்றது தெரியவந்தது. அதை விசாரிக்க நீதிபதி எட்வின் கேமரன் தலைமையில் ஆணையம் அமைந்தது. காட்டப்பட்ட இறுதிப் பயனர் சான்றிதழ் போலியானது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் பேசியது இதைத்தான்.

இறுதிப் பயனர் சான்றிதழ் என்பது பார்ப்பதற்கு ஒற்றைத் தாள். வாங்கும் நாட்டின் அரசு, இந்தப் பொருளை நாங்களே பயன்படுத்துவோம், உங்கள் சம்மதமின்றி வேறெவருக்கும் கைமாற்ற மாட்டோம் என்று எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி. அந்த யேமன் விவகாரம் வெளிவந்த பின், 1995-இல் அமைச்சர்களைக் கொண்டே ஒரு ஆயுதக் கட்டுப்பாட்டுக் குழுவை அரசு அமைத்தது. நேட்டாலில் ஸ்டாங்கரில் பிறந்த காதர் அஸ்மல் அதற்குத் தலைமை வகித்தார். 2002-ஆம் ஆண்டின் 41-ஆம் சட்டம் அந்தக் குழுவுக்குச் சட்ட வலிமை தந்தது. வாங்கும் நாட்டில் மனித உரிமை எந்த நிலையில் இருக்கிறது, அந்த ஆயுதம் அந்நாட்டு மக்களையே ஒடுக்கப் பயன்படுமா, அண்டை நாடுகளுடன் உள்ள பூசலை வளர்க்குமா என்றெல்லாம் பார்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தன் விற்பனையைப் பற்றி ஒரு நாடு இப்படி எழுதிவைத்துக்கொண்டதை நான் பெருமையாகவே நினைக்கிறேன். 2019-இல், எங்கள் அதிகாரிகள் நேரில் வந்து சோதிக்கச் சம்மதிக்க வேண்டும் என்ற வாசகத்தைச் சில வளைகுடா நாடுகள் ஏற்க மறுத்ததால் ஏற்றுமதிகள் முடங்கின. மறு ஆண்டு அரசு அந்த வாசகத்தைத் தளர்த்தியது. நான் அப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். தளர்த்தியது தவறு என்பதே என் கருத்து.

அந்தத் தாளின் பொருள் எனக்கு விளங்கியது சட்டப் புத்தகத்தால் அல்ல. 2001 என்று நினைக்கிறேன். பிரிட்டோரியாவின் மராபாஸ்தாத் மாரியம்மன் கோயிலில் பழக்கமான ஒரு யாழ்ப்பாணத்து இளைஞரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தேன். ஓய்வு பெற்றுப் போன என் மேலதிகாரி ஒருவர் நினைவாகத் தந்த சிறிய உலோகப் பொம்மை வண்டி கூடத்து அலமாரியில் இருந்தது. ஊனிமாக் லாரியின் அடிச்சட்டத்தின் மேல், கண்ணிவெடியின் வேகம் பக்கவாட்டில் சிதறும்படி அடிப்பாகத்தைக் கூம்பலாக அமைத்த பஃபல் என்ற கவச வண்டி அது. எழுபதுகளின் இறுதியில் தென்னாப்பிரிக்கப் படைக்காகச் செய்தது. அந்த இளைஞர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அண்ணை, இதைத்தான் நாங்கள் பவல் எண்டு சொல்லுறது. இது ஒழுங்கைக்குள்ள வாற சத்தம் கேட்டால் அம்மா எங்களைக் கிணத்தடிக்குக் கூட்டிக்கொண்டு ஓடுவா" என்றார்.

எண்பதுகளில் இலங்கை ராணுவம் பஃபல்களை வாங்கியதும், பின்னர் அவற்றைப் பார்த்து யூனிபஃபல் என்ற வண்டியைத் தானே செய்துகொண்டதும் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த செய்திகள். எனக்கும் தெரியும். ஆனால் அதுவரை அது எனக்கு ஒரு ஏற்றுமதிச் செய்தியாக இருந்தது. தன்னுடைய சிப்பாய்களைக் கண்ணிவெடியிலிருந்து காப்பாற்றச் செய்த வண்டி என்று அதைச் செய்த பொறியாளர் சொன்னால் அது உண்மை. அந்தப் பிள்ளை ஒழுங்கையில் கேட்ட சத்தமும் உண்மை. "தம்பி, நான் இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் போனவை இவை" என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அன்று மாலையே பொம்மையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். அதன் பிறகு என் மேசைக்கு வந்த ஒவ்வொரு இறுதிப் பயனர் சான்றிதழையும் முழுமையாகப் படித்து, ஐயமிருந்தால் தூதரகத்துக்கு எழுதிக் கேட்டு, பதில் வரும்வரை விலைமனுவை நிறுத்தி வைக்கும் வழக்கத்தை மேற்கொண்டேன். விற்பனைப் பிரிவினருக்கு இது பிடிக்கவில்லை.

மருமகன் பணத்தைப் பற்றியும் கேட்டான். இந்தத் தொழிலில் கொள்ளை லாபம் என்று வெளியே நினைக்கிறார்கள். இரண்டாம் படி நிறுவனத்தின் நிலை வேறு. விலைமனு கொடுத்த நாளுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளுக்கும் இடையே மூன்று ஆண்டுகள்கூட ஆகும். முன்பணம் வாங்கினால் அதே தொகைக்கு வங்கி உத்தரவாதம் கொடுக்க வேண்டும். அந்த உத்தரவாதத்துக்கு ஈடாக வங்கி நம்முடைய கட்டடத்தை எழுதி வாங்கிக்கொள்ளும். உதிரிப் பாகங்களை டாலரில் வாங்கி, செய்த பொருளை எங்கள் நாணயமான ராண்டில் விற்போம். 2001-இன் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு எட்டு ராண்டுக்கும் கீழே இருந்த மதிப்பு, அதே ஆண்டு டிசம்பரில் பதின்மூன்று ராண்டையும் தாண்டியது. அந்த டிசம்பரில் நாங்கள் இரண்டு ஒப்பந்தங்களில் அகப்பட்டுக்கொண்டோம். விலையை மாற்றும் வாசகத்தை நான் ஒன்றில் மட்டும் சேர்த்திருந்தேன். சேர்க்காமல் விட்டது என் பிழை. அந்த நட்டத்தை அடைக்க நிறுவனத்துக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. பதினோரு பேருக்கு வேலை போயிற்று. அவர்களில் இருவர் லாடியத்தில் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள்.

அக்காலத்தில் நாடே பேசிய ஆயுத ஒப்பந்தத்தையும் சொல்லியாக வேண்டும். 1999 டிசம்பரில் அரசு போர்க்கப்பல்கள் நான்கு, நீர்மூழ்கிகள் மூன்று, கிரிப்பன் மற்றும் ஹாக் விமானங்கள், ஹெலிகாப்டர்கள் ஆகியவற்றை ஐரோப்பிய நிறுவனங்களிடம் சுமார் 3,000 கோடி ராண்டுக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. இதற்கு ஈடாக விற்கும் நிறுவனங்கள் 10,400 கோடி ராண்டு அளவுக்கு நாட்டில் முதலீடும் வாணிபமும் செய்யும், 65,000 வேலைகள் உண்டாகும் என்று மக்களுக்குச் சொல்லப்பட்டது. இந்த 'ஆஃப்செட்' கணக்கை நான் கீழிருந்து பார்த்தவன். ஐரோப்பிய நிறுவனம் எங்களிடம் ஒரு பெட்டி வாங்கினால் அதற்கு ஒரு புள்ளி. அதே பெட்டி ஏற்றுமதியானால் பெருக்கல் வாய்பாட்டின்படி பல புள்ளிகள். அறிக்கையில் புள்ளிகள் கோடிக்கணக்கில் ஏறும். எங்கள் பட்டறையில் அதனால் கூடுதலாக உட்கார்ந்தவர்கள் ஆறு பேர்.

2005 ஜூன் மாதத்தில் டர்பன் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஹிலரி ஸ்குவயர்ஸ், தொழிலதிபர் ஷபீர் ஷேக்கை ஊழல், மோசடிக் குற்றங்களில் குற்றவாளி என்று தீர்த்துப் பதினைந்து ஆண்டுச் சிறை விதித்தார். போர்க்கப்பல்களின் போர்க்கருவித் தொகுதியில் பங்கு பெற்ற பிரெஞ்சு நிறுவனத்தின் உள்ளூர்க் கூட்டாளி அவர். அவருடைய சகோதரர் அந்த ஒப்பந்தம் நடந்த காலத்தில் ராணுவக் கொள்முதலுக்குத் தலைமை அதிகாரியாக இருந்தவர். அந்தத் தீர்ப்பு வெளிவந்த வாரத்தில் சாட்ஸ்வொர்த்தில் ஒரு திருமணத்துக்குப் போயிருந்தேன். நான் இன்ன தொழிலில் இருக்கிறேன் என்று எவ்வாறோ தெரிந்துகொண்ட பெரியவர் ஒருவர் என் அருகில் வந்து உட்கார்ந்து, "உங்களுக்கு எவ்வளவுப்பா கிடைச்சுது?" என்று மிகவும் அன்பாகக் கேட்டார். அவர் என்னை அவமதிக்க நினைக்கவில்லை. இந்தத் தொழிலில் இருந்தால் வாங்கியிருப்பான் என்பதை அவர் உலக வழக்காக எடுத்துக்கொண்டிருந்தார் என்பதே எனக்கு வலித்தது.

என்னிடமும் அந்தக் காகிதம் வந்திருந்தது. 2003-இல் ஒரு வெளிநாட்டு ஒப்பந்தத்துக்காகத் தரகர் ஒருவருக்கு 'ஆலோசனைக் கட்டணம்' வழங்கும் உடன்படிக்கையை என் கையெழுத்துக்கு அனுப்பினார்கள். நான்கு பக்கம். அவர் என்ன ஆலோசனை சொல்வார் என்பது ஓரிடத்திலும் இல்லை. ஒப்பந்தம் கையெழுத்தானால் எத்தனை சதவீதம் என்பது மட்டும் தெளிவாக இருந்தது. பணம் செல்ல வேண்டிய வங்கி, தரகரின் நாட்டிலும் இல்லை, வாங்குபவரின் நாட்டிலும் இல்லை. நான் மூன்று கேள்விகளை எழுதித் திருப்பி அனுப்பினேன். பதில் வரவில்லை. இரண்டாவது முறை அது வந்தபோது, கையெழுத்திட முடியாது என்று காரணத்துடன் ஒரு கடிதம் எழுதி ஃபைலில் சேர்த்தேன். என்னை ஏற்றுமதிப் பிரிவிலிருந்து மாற்றி, உள்நாட்டுப் பராமரிப்பு ஒப்பந்தங்களுக்கு அனுப்பினார்கள். ஐந்து ஆண்டுகள் அங்கேயே இருந்தேன். அந்த வெளிநாட்டு ஒப்பந்தம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கையெழுத்திட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்று இன்றுவரை நான் யோசிப்பதுண்டு, கிடைத்திருக்கலாம்.

அந்த மாற்றத்தால் நான் இழந்த ஒன்றுதான் ஆவடி. என் பாட்டனாரின் தந்தை செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். தென்னாப்பிரிக்காவின் ஜி6 பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேற்பகுதியை, ஆவடியில் வடிவமைத்த அர்ஜுன் டாங்கியின் அடிச்சட்டத்தின் மேல் பொருத்தி 'பீம்' என்ற தானே நகரும் பீரங்கியை உருவாக்கும் திட்டம் இந்தியாவுக்கும் டெனெலுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தது. மாதிரியைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். அதன் மின்கம்பித் தொகுப்புக்கான விலைமனுவை ஏற்றுமதிப் பிரிவில் இருந்தபோது நான்தான் தயாரித்தேன். ஒப்பந்தம் வந்தால் என்னை ஆவடிக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். என் முன்னோர் கூலி ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துவிட்டுப் புறப்பட்ட கரைக்கு, நான் எழுதிய ஒப்பந்தத்துடன் போய் இறங்குவேன் என்று மனைவியிடம் எத்தனையோ இரவுகள் சொல்லியிருக்கிறேன். பிரிவு மாற்றிய பின்னும், வேலை வந்தால் என்னையே அழைப்பார்கள் என்று நம்பியிருந்தேன்.

2005-இல் இந்தியப் பாதுகாப்பு அமைச்சகம் டெனெலுடன் எல்லாத் தொடர்பையும் நிறுத்தியது. கவச வண்டிகளைத் துளைக்கும் கனரக ரைஃபிள்களை இந்தியாவுக்கு விற்ற ஒப்பந்தத்தில் தரகுப் பணம் கொடுக்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்திருந்தது. பீம் திட்டம் அத்துடன் நின்றது. அந்த ரைஃபிளுக்கு மாற்றாக 'வித்வன்சக்' என்ற ரைஃபிளைத் திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையிலேயே செய்யத் தொடங்கினார்கள். குற்றச்சாட்டை மெய்ப்பிக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை என்று இந்தியப் புலனாய்வுத் துறை பின்னர் வழக்கை முடித்தது. 2018-இல் தடையும் நீங்கியது. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு தடை நீங்கினாலும், அந்த இடைவெளியில் கலைந்துபோன பொறியாளர் குழுக்கள் மீண்டும் சேரவில்லை. ஒரு தரகுக் குற்றச்சாட்டு, மெய்ப்பிக்கப்படாமலேயே, இரண்டு நாட்டுத் தொழிலாளர்களின் பல ஆண்டு வேலையை அழிக்க முடியும் என்றால், மெய்யாகவே கொடுக்கப்படும் தரகு எவ்வளவு அழிக்கும் என்பதை மருமகனுக்கு அன்று விளக்கிச் சொல்ல முயன்றேன். எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

அதற்குப் பின் வந்தவற்றை அவனே அறிவான். டெனெலில் 2015-இல் தலைமை நிர்வாகி, நிதி அதிகாரி, செயலாளர் ஆகிய மூவரையும் ஒரே நேரத்தில் இடைநீக்கம் செய்ததும், அப்போதைய அதிபர் ஜூமாவின் நண்பர்களான குப்தா குடும்பத்துக்கு நெருங்கியவர்களுடன் அந்நிறுவனம் கூட்டு வைத்ததும், 2022-இல், அரசு நிறுவனங்களில் நடந்த ஊழலை விசாரித்த சோண்டோ ஆணையத்தின் இரண்டாம் அறிக்கை இவற்றை விரிவாக எழுதியதும் நாளிதழ்களில் வந்தவை. 2020-இல் அங்கே ஊழியர்களுக்கு முழுச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. அவன் வயதுப் பொறியாளர்கள் வளைகுடாவுக்குப் போவது அதனால்தான். அவனைப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கையெழுத்திடும் பதவிக்கு வந்தால், இறுதிப் பயனர் சான்றிதழையும் தரகர் உடன்படிக்கையையும் அவனே முழுமையாகப் படிக்க வேண்டும், மறுத்தால் மறுத்ததற்கான காரணத்தை எழுதிப் படியெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சொன்னேன். 2003-இல் நான் எழுதிய கடிதத்தின் படியை எடுத்துக் காட்டினேன். வாசித்துவிட்டு, கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். நிறுவனத்தின் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு, எடுத்துக்கொள் என்றேன்.

ஓய்வு பெற்ற மறு ஆண்டு, 2019 ஜனவரியில், நானும் மனைவியும் முதன்முறையாகத் தமிழ்நாட்டுக்குப் போனோம். சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலில், சன்னலோரம் இடம் கிடைத்தது. வண்டி ஒரு நிலையத்தில் நின்றபோது மனைவி என் கையைத் தொட்டு வெளியே காட்டினாள். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் 'ஆவடி' என்று இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நூறு பக்க விலைமனுவில் இருபது முப்பது இடங்களிலாவது அந்தப் பெயரை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருக்கிறேன். தமிழில் அன்றுதான் பார்த்தேன். காக்கி உடுப்புப் போட்ட தொழிலாளர்கள், கையில் சாப்பாட்டுப் பையுடன், இறங்கிக்கொண்டிருந்தார்கள். வண்டி கிளம்பும்வரை அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.